அவர் நாடியை யார் பார்ப்பது

என் கணவருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று, தொடை வழியாகக் கம்பி செலுத்திச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வாரம், செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரி மாடியில் உடற்பயிற்சியும் வகுப்பும். வீட்டிலிருந்து ஒருவர் கூட வரவேண்டும் என்றார்கள். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனவரை, தனியாக வந்த இன்னொருத்தரோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

அந்த இன்னொருத்தர் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா என்பது இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. "பல்ஸ் எண்ணுறதுல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல" என்றார் சாப்பிடும்போது. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வேன் ஓட்டிக் காய்ப்பு ஏறிய விரல்கள் இவருக்கு. நடந்து முடித்ததும் நாடி எண்ணவேண்டுமாம்; தன் நாடி தனக்கே அகப்படாதாம். அதனால் டீச்சர் பிடித்துப் பார்த்துச் சொல்கிறாராம், ஒரு நிமிடம் முழுக்க.

"நான் பாக்குறேனே."

"உனக்கு அதெல்லாம் வராது. பழகணும்."

மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. கிரிவலம் போனால்கூடப் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர் இவர். நாலு பேர் பார்க்க இவர் கையை நான் பிடித்தது கல்யாணத்தன்று ஒருமுறை, அதுவும் ஐயர் சொன்னதால்.

நாலாவது வாரம் சண்டை போட்டு அரைநாள் லீவு வாங்கினேன். மாடியில் பத்துப் பேர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். பிறகு நடை. பேச்சு தடைபடாத வேகத்தில்தான் நடக்கவேண்டுமாம். வீட்டில் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாதவர், டீச்சர் பக்கத்திலேயே நடந்துகொண்டு, கீழ்பென்னாத்தூர் மழையிலிருந்து மல்லாட்டைக் கடலை அறுவடைவரை பேசினார்.

உட்கார்ந்ததும் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம், "அம்மா, இன்னிக்கு நீங்க எண்ணுங்க" என்றாள். டீச்சர் நகர்ந்து இடம் விட்டார். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை. இவர் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு என்றேன்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. பழைய கோளாறு திரும்பிவிட்டதோ என்று பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் ஓடிவந்து மூன்று விரல் வைத்து எண்ணினாள். எழுபத்தாறு, சீராக இருந்தது.

"கட்டைவிரல்ல பாக்கக் கூடாதும்மா. அதுலயே துடிப்பு இருக்கும். நீங்க எண்ணினது உங்க பல்ஸ்."

டீச்சர் குனிந்து, மூடியிருந்த பாட்டிலை மறுபடி மூடினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. இவர் சிரிக்கவில்லை.

"நீ உக்காந்துனுதான இருந்த. உனக்கு ஏன் இவ்ளோ ஜாஸ்தியா ஓடுது?"

"பத்தடி முன்னால போற ஆளு பின்னால முப்பது வருஷமா ஓடுறேன். கம்மியாவா இருக்கும்?"

நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை. மூன்று விரலை வைத்து, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.