இரண்டு வரியும் இருக்கட்டும்

எங்கள் அண்ணிக்கு நீதிமன்றத்தில் டைப் அக்கா என்று பெயர். சாட்சி சொல்வதை அப்படியே தட்டச்சு செய்து, முடிந்ததும் அவரிடமே உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டில் சரியான வாயாடி. அங்கே அடுத்தவர் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஒரு கட்சியைத் தடை செய்யச் சொல்லி அரசு போட்ட வழக்கு அவளுடைய கோர்ட்டுக்கே வந்து சேர்ந்தது. ஓட்டு வாங்கி வந்து ஓட்டையே ஒழிக்கப் பார்க்கும் கட்சியைச் சட்டம் தடுக்கலாம். ஆனால் ஆதாரம் வேண்டும், நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். போன தேர்தலில் எதிர்க்கட்சி ஏஜெண்டாக வாக்குச்சாவடியில் உட்கார்ந்த என் அண்ணனின் வலது கையை உடைத்தது அந்தக் கும்பல்தான். சைக்கிள் ரிப்பேர்க்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அண்ணி இதை முதல் நாளே நீதிபதியிடம் சொல்லிவிட்டாள். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் கட்சி வக்கீல். அவர்கள் பெருந்தன்மை பேப்பரில் வருமே!

கட்சித் தலைவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கிளறக் கிளற ஆளுக்குச் சூடேறிவிட்டது.

"நாங்க ஜெயிச்சா இதுதான் கடைசித் தேர்தல். அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

கட்சிக்காரர்கள் போட்ட கூச்சலில் கூரை பறந்தது. நீதிபதி மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் அடங்கியதும் தலைவர், "ஆனா யாரையும் அடிக்கச் சொல்லி நான் சொன்னதில்ல" என்றார்.

பச்சைப் பொய்! பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அண்ணியைப் பிடித்தேன்.

"அண்ணி, அந்தக் கடைசி வரிய விட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"அண்ணன் கைய நினைச்சுப் பாருங்க."

"தினமும் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிடறது யாரு, நீயா? போடி, போய் உட்காரு."

கோர்ட் மறுபடி கூடியதும் அண்ணி படித்தாள். கடைசித் தேர்தல் என்ற இடம் வந்ததும் தலைவர் துள்ளினார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல! புருஷன் கை உடைஞ்ச கோபத்துல இந்தம்மா கதை கட்டுறாங்க!"

கூச்சலில் தமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். அந்த வரி போனால் வழக்கே போச்சு.

"மீதியையும் படிங்கம்மா" என்றார் நீதிபதி. அண்ணி அடுத்த வரியைப் படித்தாள்.

"இது நீங்க சொன்னதா?" என்று தலைவரைக் கேட்டார் நீதிபதி.

"ஆமாங்க, இது நான் சொன்னதுதான்!" என்றார் தலைவர் அவசரமாக.

"கதை கட்டுறவங்க உங்களைக் காப்பாத்துற வரிய எதுக்கு டைப் பண்ணாங்க?" என்றார் நீதிபதி.

ஆட்சேபிக்க எழுந்த கட்சி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

கட்சிக்குத் தடை வந்தது. தீர்ப்பைத் தட்டச்சு செய்ததும் அண்ணிதான். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான்:

"அவ்வளவுதானே? இனிமே எந்திரிக்க மாட்டானுங்கல்ல?"

"மேல்முறையீடு செய்யலாம்னு கடைசியில போட்டிருக்குங்க."

"அத எதுக்குப் போடணும்?" அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனுங்க ஆட்சிக்கு வந்திருந்தா நமக்கு அப்படி ஒரு வழி விட்டிருப்பானுங்களா?"

"மாட்டாங்க" என்றாள் அண்ணி. "அதுக்குத்தானே இந்தத் தடை."