கணக்கில் வராத தண்ணீர்

வாப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலையில் அதை ஒரு போத்தலில் அளந்து வைப்பேன். பிறகு துறைமுகம் தெரியும் ஜன்னலோரம் கணினியைத் திறந்து, இன்னொரு தண்ணீருக்குக் காவல் இருப்பேன்.

என் ஆய்வு இதுதான்: அரைவாசி நிரம்பிய கப்பல் தொட்டி ஆடும்போது உள்ளே நீர்மட்டம் எப்படிப் புரளும் என்று கணித்துப் பார்ப்பது. நீரும் காற்றும் தொடும் அந்தக் கோடு ஒரு நொடி சும்மா இருக்காது. ஒவ்வொரு அசைவுக்கும் கணினி அதைப் புதிதாக வரையும். வரையும்போதெல்லாம் துளித் தண்ணீர் கணக்கிலிருந்து தேய்ந்துவிடும். தொட்டியில் ஓட்டை இல்லை, ஆனாலும் மாலைக்குள் மட்டம் இறங்கியிருக்கும். இரண்டு வருடம் மல்லுக்கட்டி அலுத்துப்போய், குறைந்ததை மேலே சமமாக ஊற்றிவிடும் நாலு வரியை நிரலில் எழுதிப் பூசி மெழுகினேன். படம் அழகாக வந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டில் இதற்கு நேர்மாறு. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் வாப்பாவின் நிறை கூடியிருந்தது. கால் வீங்கி, மூச்சு இழுத்தது.

"இப்பிடியே கூடினா நெஞ்சு தாங்காது. தண்ணி கூடக் குடுக்கிறீங்களா?" என்று தாதி என்னைக் கேட்டார்.

"இல்ல. நான்தான் அளந்து குடுக்கிறன்" என்றேன் கோபமாக.

அடுத்த நாள் கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. மதியத் தொழுகைக்காக வாப்பா குழாயடியில் கை, வாய், முகம் கழுவி வுளூ செய்துகொண்டிருந்தார். வழக்கம்போல் மூன்று தரம் வாய் கொப்பளித்தார். துப்பியது ஒரு தரம்தான். ஒரு நாளைக்கு ஐந்து தொழுகை. எனக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாப்பா, விழுங்கினீங்களா?"

குழாயை மூடினார்.

"ஓம் மகள். தாகம் தாங்க ஏலாது. உங்கட கணக்குப் பிழைக்கக் கூடாதெண்டு போத்தல்ல மட்டும் கை வெக்கல்ல."

ஏசத்தான் வாயெடுத்தேன். என் நாலு வரி நினைவுக்கு வந்தது. அவரை ஏச நான் யார்?

மாலைத் தொழுகைக்கு வாப்பாவே என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார். கொப்பளித்துத் துப்பினார். ஒவ்வொரு தரமும் என் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்துட்டீங்களா மகள்?"

"ஓம் வாப்பா" என்றேன். நான் பார்த்துக்கொண்டு நின்றது சுவரை.