நின்றுபோன கல்லாறும் நகராத மனுஷர்களும்

கல்லுக்கு வயது பார்ப்பது ஒரு காலத்தில் என் உத்தியோகம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு எனக்குக் கோபம் வந்துவிடும். யாரோ ஒரு மேலதிகாரியின் கீழே குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கெல்லாம் என் வயிற்றெரிச்சல் புரியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இமயமலையில் மரம் முளைக்காத உயரத்தில், சில பள்ளத்தாக்குகளில் பாறைத் துண்டுகள் குவிந்து நாக்கு மாதிரி கீழே நீண்டு கிடக்கும். உள்ளே பனிக்கட்டி ஒளிந்திருக்கிற வரை அந்தக் குவியல் முழுவதும் வருஷத்துக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று நகரும். பனி உருகித் தீர்ந்தால் அப்படியே நின்றுவிடும். நாங்கள் அதைக் கல்லாறு என்போம். நின்றுபோன கல்லாறு எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று கண்டுபிடிப்பதில் எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு பைத்தியம். மேலே கிடக்கிற கல்லை உடைத்தால், காற்றும் மழையும் பட்டு நிறம் மாறின தோல் ஒன்று ஓரத்தில் தெரியும். எவ்வளவு காலம் வெளியே கிடந்ததோ அவ்வளவுக்குத் தோல் தடித்திருக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு அதை அளந்தவன் நான்.

துரை பட்டணத்தில் ஒரு காலேஜில் பாடம் நடத்தினார். கல் மூட்டைகளுக்கு அங்கே இடம் கிடைக்காததால், எங்கள் ஊரான அம்பத்தூரில் ஒரு ஓட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். கோடையில் மலை, மற்ற மாதங்களில் கொட்டகை. எனக்குத் துணை ஒரே ஒருவர், கள்ளிக்குப்பத்துச் சேரி முனுசாமி. அதுவரை எங்கள் பங்காளிகளின் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவர் சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டால், கல் பூசணிக்காய் மாதிரி சரிபாதியாகப் பிளக்கும்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

பூந்தமல்லியில் எனக்கு ஒரு வரன் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் இரண்டு போகம் விளைவிக்கிற குடும்பம். "காலேஜ் உத்தியோகம் என்று மட்டும் சொல்லு, கல்லைப் பற்றி வாயைத் திறக்காதே" என்று என் அண்ணன் வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். பெண்ணின் தகப்பனார் விடவில்லை. காலேஜில் என்ன வேலை, எந்த வகுப்பு என்று குடைந்துகொண்டே போனார். எனக்குப் பொய் வரவில்லை. மலையில் கல் எப்போது நின்றது என்று பார்க்கிற வேலை என்று சொல்லிவிட்டேன். வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"நின்ன கல்லு எப்ப நின்னுதுன்னு பாக்கறவருக்கு எம் பொண்ணு எதுக்குங்க? அதுல ஒரு கல்லையே பாத்துக் கட்டி வெச்சிடுங்க."

ஜங்ஷனில் ஒரு பரிசோதனை

முதல் வருஷம் இருபது பெட்டிக் கற்களோடு இறங்கி வந்தோம். கல்லாற்றின் எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதிய காகிதச் சீட்டை ஒவ்வொரு கல்லிலும் நூலால் கட்டியிருந்தேன். இடம் தெரியாவிட்டால் அந்தக் கல் வெறும் கல்தான். வழியில் ரயில் மாற வேண்டிய ஒரு ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தா ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து யாராவது கல்லைக் கட்டிக்கொண்டு வருவார்களா, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். நான் காலேஜ் கடிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், ஆட்களை விட்டு இருபது பெட்டிகளையும் பிளாட்பாரத்தில் கொட்டிவிட்டார். இடைஞ்சலாக இருந்த சீட்டுகளை அறுத்து ஒரு கூடையில் போட்டிருந்தார்கள்.

மூன்று மாத உழைப்பு ஒரு கூடைக் காகிதமாகிக் கிடந்தது. அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். முனுசாமிதான் என்னை இழுத்து நிறுத்தினார். குமாஸ்தா காலரைச் சரிசெய்துகொண்டு, உண்மையாகவே விளங்காத முகத்தோடு கேட்டார்:

"கல்லுதானே சார்? எதை எங்க போட்டா என்ன, அது கோவிச்சுக்கவா போறது?"

கான்வாஸ் ஜோடு

துரை ஒரு வருஷம் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. மழைக்காலம் முடிந்ததுமே மறுபடி ஏறினோம். சாதாரணமாக அந்தப் பருவத்தில் யாரும் ஏறுவதில்லை. துரைக்குச் சீமையிலிருந்து வந்த ஆணி வைத்த தோல் பூட்ஸ் இரண்டு ஜோடி. எனக்கு அவருடைய பழையது. முனுசாமிக்குக் கான்வாஸ் ஜோடு. இன்னொரு ஜோடிப் பூட்ஸ் சும்மாதானே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். நனைந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் துரை. இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்கு எரிகிறது.

இந்தத் தடவை சீட்டு இல்லை. முனுசாமி ஒவ்வொரு கல்லிலும் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதினார். எழுத்துத் தெரியாதவர், அந்த மலையில்தான் என்னிடம் எண் கற்றுக்கொண்டார். ஐந்தாம் நாள் பனி கொட்டிற்று. ஏழாம் நாள் அவர் ஜோட்டைக் கழற்றினபோது இடது காலில் இரண்டு விரல்கள் குளிரில் செத்துக் கறுத்திருந்தன. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அன்று துரை சொல்லச் சொல்ல டயரி எழுதினேன். "கூலி ஒருவனுக்குச் சிறு உடல்நலக் குறைவு, இரண்டு நாள் தாமதம்." என் கையாலேயே எழுதினேன். கட்டிலில் படுத்திருந்த முனுசாமி, என்ன எழுதினாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்:

"அத்தினி கல்லுக்கும் நம்பரு போட்டோம் நைனா. என் வெரலுக்கு ஒரு நம்பரு போடக் கூடாதா அவுரு?"

அளக்கிறவனும் நினைக்கிறவனும்

கொட்டகையில் கற்களை மலையில் கிடந்த வரிசையிலேயே தரையில் பரப்பினோம். மேலிருந்து கீழே போகப்போகத் தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்க வேண்டும். முன்னால் போன கல்தானே மூத்தது! அப்படித்தான் தடித்துக்கொண்டும் வந்தது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் முனுசாமி நின்றுவிட்டார். "இன்னா நைனா, இங்க ஒரேயடியா தாண்டுது? மேல கீறதெல்லாம் கொயந்த, கீய கீறதெல்லாம் கெயவன். நடுவுல ஆளே இல்லியே?" என்றார்.

திரும்ப அளந்தேன். மூன்று நாள் அளந்தேன். அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் மலையிலும் ஒரு படி மாதிரி மேடு இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கீழே இருந்த கல்லாறு நின்று, வெகுகாலம் கழித்து இன்னொரு பெருங்குளிர் யுகம் வந்து, புதிதாக ஒன்று அதன் முதுகில் ஏறி வந்து நின்றிருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு! துரையோ எல்லாம் ஒரே காலம் என்று ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டார். அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திறக்காமலே, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"ஏகாம்பரம், நீ அளக்கிற வேலைக்கு வந்தவன். நினைக்கிற வேலை என்னுது."

யாருக்கு நன்றி

ஆறு மாதம் கழித்துப் பட்டணத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் துரை பிரசங்கம் செய்தார். திரையில் காட்டும் விளக்குப்படங்களை ஒவ்வொன்றாக மாற்றுகிற வேலை எனக்கு. ஏழாவது படத்தைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். அந்தப் படி மாதிரி மேடு! "இங்கே ஒன்றல்ல, இரண்டு கல்லாறுகள் என்பதை நான் கண்டேன்" என்றார். கை தட்டினார்கள். நோட்டைப் பிறகு திறந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. முடிவில் நன்றி சொன்னார். காலேஜுக்கு, கவர்னருக்கு, தம் மனைவியாருக்கு, மூட்டை சுமந்த கோவேறு கழுதைகளுக்கு. சபை சிரித்தது. அத்தோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

முனுசாமி வெளியே வாசலில் நின்றிருந்தார், உள்ளே விடவில்லை. நான் வாய் குழற எல்லாவற்றையும் சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பியவனை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கய்தைக்காவது சொன்னாரே, அதும் பொயப்பாவது நடக்கட்டும். வா நைனா, ரயிலு பூட்டா நடந்துகினுதான் போவணும்."

ஆவடி ரோடு

உலக யுத்தம் என்று சண்டை வந்ததும் துரை சீமைக்குப் போய்விட்டார். கற்களை என்ன செய்வது என்று மூன்று கடிதம் போட்டேன், பதிலில்லை. நான் வேறோர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டேன். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையைத் திறந்து தூசி தட்டிவிட்டு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், பூட்டு உடைந்து கிடக்கிறது, தரை காலி. கொட்டகைக்காரர் சரக்கு வைக்க இடம் வேண்டுமென்று கல்லையெல்லாம் ஒரு ரோடு காண்டிராக்டருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாராம்.

சைக்கிளை ஆவடிக்கு மிதித்தேன். பட்டாளத்து லாரி போக அங்கே புது ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி உடைக்கிறார்கள். ஒரு அம்மாளின் காலடியில் அறுபத்திரண்டாம் நம்பர் பாதியாகக் கிடந்தது, முனுசாமியின் சிவப்பு எழுத்து. நான் போட்ட கூச்சலில் எல்லாச் சுத்தியலும் நின்றன. ஆயிரக்கணக்கான வருஷத்துக் கல் ஐயா இது, எவ்வளவு பழசு தெரியுமா என்று கத்தினேன். மேஸ்திரி பீடியை எடுத்துவிட்டு, எனக்கு ஆறுதலாகச் சொன்னார்:

"அதான் சார் சொல்றேன், வயசான கல்லுதான் ரோட்டுக்கு ஒஸ்தி. எளங்கல்லு லாரி தாங்காது."

சீமைக் கடிதம்

சண்டை முடிந்ததும் துரையின் கடிதம் வந்தது. அங்கே வேறொரு புரொபசர், இரண்டு கல்லாறு என்பதை நம்ப முடியாது, ஆதாரத்தைக் காட்டு என்கிறாராம். "நம்முடைய கற்களை உடனே கப்பலில் அனுப்பு." அந்த 'நம்முடைய' என்ற வார்த்தையைப் பத்துத் தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன். கற்கள் ஆவடி ரோட்டில் இருக்கின்றன, வந்து தோண்டிக்கொள்ளலாம் என்று. பிரசங்கத்துக்குப் பிறகு துரையிடமிருந்து திருப்பி வாங்கிவைத்திருந்த அளவு நோட்டை மட்டும் நான் கைவிடவில்லை. அதை முழுதும் பிரதியெடுத்து, நடுவில் தாண்டுவதைக் கண்டவர் கள்ளிக்குப்பம் முனுசாமி, அளந்தவன் அம்பத்தூர் ஏகாம்பரம் என்று தலைப்பில் போட்டு, துரைக்கு அல்ல, அந்தப் புரொபசருக்கே அனுப்பினேன். காலில் போன விரல்களையும் எழுதினேன். டயரியில் நான் பொய் எழுதியதையும் எழுதினேன்.

நாலு மாதத்தில் பதில் வந்தது. நோட்டைச் சரிபார்த்தேன், இரண்டு கல்லாறு என்பதை ஒப்புக்கொள்கிறேன், அச்சில் உங்கள் இருவர் பெயரையும் போடுகிறேன் என்று. உறையின் மேலேயே இரண்டு பெயரும் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்கு ஓடினேன். முனுசாமி கூரை வேய்ந்துகொண்டிருந்தார். அவர் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எம் பேரு கப்பல் ஏறி சீமைக்குப் போய்ட்டு வந்துகீது. நைனா, நானு ஒங்க தெருவுக்குள்ள எப்ப வர்றது?"

ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தி நின்றுபோன கல்லாறு எப்போது நின்றது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் தெரு எப்போது நகரும் என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு அளவு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.