உழக்கலாமா என்று நான் கேட்கவில்லை

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தபடி என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பில்லை. வந்த அவசரத்தில் போட மறந்துவிட்டேன். உள்ளே என் மகன் ஜெறோம் வலது காலை நீட்ட முடியாமல் மடக்கியபடி கிடந்தான். அவனை அந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்தவை இந்தக் கால்கள்தான். அது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன் கால் வெளியே வந்த பிள்ளை ஏறி மிதித்து உழக்கினால் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும் ஓடிவிடும் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முல்லைத்தீவில் நான் சிறுமியாக இருந்தபோது, கரைவலை இழுத்துக் களைத்தவர்கள் மணலில் குப்புறக் கிடந்து என்னைக் கூப்பிடுவார்கள். பூசைக்குப் போகும் வழியிலும் யாராவது மறித்து இடுப்பைக் காட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஜெறோமுக்கு ஆறு வயதில் ஒரு பால்பல் விழுந்தது. மூன்று நாளாக இரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு ஹீமோபிலியா (இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்கும் நோய்) என்றார்கள். பெரும்பாலும் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவதாம். அன்றைக்கே பாதி செத்தேன்.

பல் பிடுங்கக்கூடாது, தசையில் ஊசி போடக்கூடாது, அஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்று ஒரு காகிதத் துண்டில் எழுதித் தந்தார்கள். இடம்பெயர்ந்து விசுவமடுவுக்கு வந்தபோது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தத் துண்டைக் கொண்டுவந்தேன். உழக்கலாமா, உருவலாமா என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. அது மருந்தா, ஊசியா? வீட்டில் சீப்பால் தலை இழுப்பது மாதிரி ஒரு பழக்கம். அதை யார் டொக்டரிடம் கேட்பார்கள்?

தொண்ணூறுகளின் பிற்பகுதி. அவனுக்குப் பதினாறு வயது. விறகு கட்டிய சைக்கிளை மணல் ஒழுங்கையில் தள்ளிக்கொண்டு வந்தவன், மறுநாள் காலையில் இடுப்பு நோகுது என்றான். வெளியே காயமில்லை, இரத்தமில்லை. இரத்தம் தெரியாத இடத்தில் அந்த நோயும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பிடிப்புத்தான். நீ ஒருக்கா உழக்கிவிடு," என்றார் அவனுடைய தகப்பன்.

பாயில் குப்புறக் கிடத்தினேன். குதிக்காலை அவன் இடுப்பில் ஊன்றி ஏறினேன்.

"காணும் அம்மா, போதும். நோகுது."

"கொஞ்சம் பொறு ராசா. இளகுது."

உண்மையாகவே என் பாதத்தின் கீழே ஏதோ இளகியது. என் காலின் கெட்டித்தனம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

மறுநாள் அடிவயிற்றின் வலது பக்கம் வீங்கியிருந்தது. முகம் வெளிறிப்போனது. தொடை விறைக்குது என்றான். ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவனைக் கொண்டுபோனோம்.

டொக்டர் அந்தத் துண்டை வாசித்துவிட்டு அவனைக் கேட்டார்.

"தம்பி, என்ன நடந்தது?"

ஜெறோம் என்னைப் பார்க்கவில்லை. "சைக்கிளால விழுந்தனான் டொக்டர்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். பிள்ளை என்னைக் காப்பாற்றினான். நான் அவனைக் காப்பாற்றவில்லை.

இடுப்பின் உள்தசைக்குள் இரத்தம் கசிந்து, பக்கத்தில் ஓடும் நரம்பை நசுக்குகிறது என்றார்கள். அவனுக்குத் தேவையான உறைபொருள் மருந்து வன்னியில் இல்லை. சண்டை நடந்த எல்லையைத் தாண்டி வவுனியாவுக்கு அனுப்ப அனுமதி கேட்டார்கள். அது வரும்வரை சொந்தக்காரர்கள் கொடுத்த புது இரத்தத்தை ஏற்றினார்கள். பனிக்கட்டி வைத்தால் நல்லது என்றார் டொக்டர். மீனுக்கே ஐஸ் இல்லாத காலம் அது. மண்பானைத் தண்ணீரில் துணி நனைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அவனுடைய மாமி, என் மச்சாள் பிலோமினா, நோவெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். "கால் மரத்துப்போய்க் கிடக்கு, பாத்துக்கொண்டு இருக்கிறீரே?" என்று என்னை ஏசிவிட்டு, எண்ணெயைக் கையில் ஊற்றித் தொடையை உருவத் தொடங்கினாள். தாதி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. விழுந்த பிள்ளைக்கு எண்ணெய் பூசுவது வழக்கம்தானே.

ஜெறோம் பல்லைக் கடித்தான். எனக்காகத்தான் பொறுத்துக்கொண்டு கிடந்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மச்சாளின் கையைப் பிடித்து இழுத்து எறிந்தேன்.

"அவன் விழேல்லை! நான்தான் ஏறி உழக்கினனான்!"

வாட்டிலிருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் வந்தார்.

"அம்மா, இதை முதலே சொல்லியிருக்கலாமே. உறையாத இரத்தத்தை அமத்தி அமத்தி உள்ளுக்குள்ள கசியவிட்டிருக்கிறீங்கள்."

"உழக்கக்கூடாதெண்டு பத்து வருசமா ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லை," என்றார். பிறகு போத்தலை மூடி மச்சாளிடம் கொடுத்தபடி, "நாங்களும் கேக்கேல்லைத்தான்," என்றார்.

வவுனியாவுக்குப் போக அனுமதி பதினோராம் நாள் வந்தது. அதற்குள் இரத்தம் தானாக நின்றிருந்தது. நரம்பும் தன் பாட்டில் செத்திருந்தது. அந்த அனுமதிக் கடுதாசியை எனக்குக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது.

இரத்த நோயுள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எல்லா இரத்த நோயும் ஒன்றல்ல. இரத்தம் உறையாதவர்களுக்கும் இரத்தத் தட்டுகள் (இரத்தப்போக்கை அடைக்கும் நுண்ணிய அணுக்கள்) குறைந்தவர்களுக்கும் உருவுவது உள்ளே இரத்தத்தைக் கசியவைக்கும். காலில் இரத்தம் கட்டியாக உறைந்தவர்களுக்கு, உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போகலாமாம். சிலருக்கு மெல்லத் தடவுவதில் பிழையில்லை என்றும் அந்த டொக்டர் சொன்னார். அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். காலால் பிறந்தவள் சொல்லக்கூடாது.

இன்றும் சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் படலைக்கு வருகிறார்கள். திருப்பி அனுப்பிவிடுகிறேன். தரையில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த இளகல் பாதத்தில் தட்டுகிறது. எனக்கு அந்தக் காலைப்பொழுது இன்னும் முடியவில்லை.

ஜெறோம் தடி ஊன்றி நடக்கிறான். வலது தொடை மெலிந்துவிட்டது, அதன் முன்பக்கத்தில் உணர்வில்லை. முழங்கால் வீங்கும் நாட்களில் அவன் கண்ணை மூடிப் படுத்திருப்பான். நான் துணியை நனைத்து, முழங்காலிலிருந்து தொடைவரை சுற்றிவைத்து, அதன்மேல் கையை மெல்ல வைத்துக்கொண்டிருப்பேன்.

நேற்றும் அப்படித்தான் இருந்தேன். என் கை அவன் தொடையில் இருக்கும்போதே அவன் கேட்டான்.

"அம்மா, கையை எடுத்திட்டீங்களோ?"