நின்ற பிறகு இறங்கவும்

காலை ஐந்தரை மணிக்கு அச்சரப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது என் பையில் மாற்றுத் துணி, ஒரு துண்டு, மருத்துவச் சான்றிதழ், அம்மா கட்டிய எலுமிச்சை சாதம் ஆகியவை இருந்தன. போகிற இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நெம்மேலிக்குப் பக்கம். அங்கே ஒரு குளத்தில் என்னை ஹெலிகாப்டருக்குள் உட்காரவைத்துத் தலைகீழாகக் கவிழ்க்கப் போகிறார்கள். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பதற்கான பயிற்சி அது. நானாக வெளியே வந்துவிட்டால் நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் எனக்கு வேலை. ராஜமுந்திரியிலிருந்து அடுத்த வாரம் கிளம்பும் ஹெலிகாப்டரில் எனக்கு ஒரு சீட் போட்டிருந்தார்கள். வெளியே வர முடியாவிட்டால் அந்த சீட் வேறொருவருக்குப் போய்விடும்.

அம்மா வழியனுப்ப வந்திருந்தாள்.

"கெணத்துல கூட எறங்காதவடி நீ. அவங்களாண்ட மொதல்லயே சொல்லிடு, எனக்கு நீச்ச தெர்யாதுன்னு."

"நீச்சல் தெரிய வேணாம்னுதாம்மா லெட்டர்ல போட்டுக்கீறாங்க."

"அப்பறம் இன்னாத்துக்குத் தண்ணில தள்றாங்களாம்?"

அதற்குள் பஸ் வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

எங்கள் தெருவில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஊரில் கிணறுகள் இல்லாமல் இல்லை. அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலங்களில் எல்லாம் கிணறு உண்டு. கோடை விடுமுறையில் நிலத்துக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவற்றில் குதிப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. நான் மேட்டில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான், பொறியியல் பட்டம் வாங்கியவளும் நான்தான். இதை எங்கே எழுத வாய்ப்புக் கிடைத்தாலும் எழுதிவிடுவேன்.

செங்கல்பட்டுக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். ஜன்னலோர சீட் கிடைத்தது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மணல்தான் வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ராஜஸ்தான் ஞாபகம் வந்தது. பட்டம் வாங்கிய பிறகு பார்மேர் பக்கம் பாலைவனத்தில் ஒரு தரை ரிக்கில் எட்டு மாதம் பயிற்சியில் இருந்தேன். ரிக் என்பது உயரமான இரும்புக் கோபுரம். அதிலிருந்து குழாய்க்கு மேல் குழாய் மாட்டிப் பூமியைத் துளைத்துக்கொண்டே போவார்கள். துளைக்குள் சேறு போன்ற ஒரு கலவையைப் பம்பு வைத்து அனுப்புவார்கள். அது மேலே வரும்போது பாறைத் துகள்களையும் கொண்டுவரும். அந்தத் துகள்களைக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இப்போது எந்தப் பாறைக்குள் இருக்கிறோம் என்று சொல்வது என் வேலை. தங்கியது கன்டெய்னர் அறையில். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். மிக அருகில் இருந்த டீக்கடைக்கு முப்பது கிலோமீட்டர்.

அங்கே நான் கற்றுக்கொண்டதில் கடினமானது சும்மா நிற்பது. கிணற்றில் ஏதாவது சந்தேகம் வந்தால் பம்பை நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு, சேறு வெளியே வரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பம்பு ஓடாதபோதும் சேறு வந்துகொண்டே இருந்தால் கீழேயிருந்து எரிவாயு தள்ளுகிறது, ஆபத்து என்று அர்த்தம். கல்லூரிப் புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. ரிக்கில் அந்த ஒரு வரி மிக நீளமானது. எல்லோரும் வாய்மூடி நிற்பார்கள். கால் பரபரக்கும். ஏதாவது செய்யத் தோன்றும். எதுவும் செய்யக் கூடாது.

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு மாமல்லபுரம் பஸ் பிடித்தேன். இருபத்தெட்டு ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் பஸ் வேகம் குறைவதற்கு முன்பே பாதிப் பேர் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"நின்னப்பறம் எறங்குங்களேன்! வண்டி இன்னா ஓடியா பூடப்போது?" என்று கண்டக்டர் கத்தினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமல்லபுரத்தில் நானும் இரண்டு வளைவுக்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். கோயில்களைப் பற்றி எழுதாததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும், அவற்றைப் பார்க்க நேரமிருக்கவில்லை.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். எதிர் சீட்டில் இருந்தவனும் அதே பயிற்சிக்குத்தான் போகிறான் என்று பேச்சில் தெரிந்தது. பெயர் நிஜாம். கோவளத்துக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம். அதே ரிக்கில் தளத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். முந்தின இரவு மாமல்லபுரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறான்.

ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஹெலிகாப்டர முக்கற குளத்துக்கா? அதுக்கு இன்னாத்துக்குக் குளம் வெட்னாங்க? எதுக்கால அம்மாம்பெரிய கடலு கீதே!"

"கடல்ல முக்கினா திரும்பி எடுக்க முடியாது அண்ணாத்த" என்றான் நிஜாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெலிகாப்டர் என்று சொன்னேன். உண்மையில் அதற்கு இறக்கையும் கிடையாது, இன்ஜினும் கிடையாது. ஷேர் ஆட்டோவை விடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பெட்டி. உள்ளே நாலு சீட், பக்கத்துக்கு இரண்டு ஜன்னல். கிரேன் அதைத் தூக்கிக் குளத்தில் இறக்கும். மூழ்கியதும் பெட்டி தலைகீழாகச் சுழலும். காப்பாற்ற உள்ளேயே முக்குளிக்கத் தெரிந்த இரண்டு டைவர்கள் இருப்பார்கள். பயிற்சியாளர் ராகவன் சார் கடற்படையில் இருந்தவர். விதிகளைச் சொன்னார். ஒரு கை ஜன்னல் விளிம்பில், மற்றொரு கை பெல்ட் பூட்டில். தண்ணீர் நெஞ்சுக்கு வரும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பெட்டி சுழன்று முழுதாக நின்ற பிறகு ஜன்னலைத் தள்ள வேண்டும். அதன் பிறகே பெல்ட்டைக் கழற்றி, விளிம்பைப் பிடித்தபடி வெளியே வர வேண்டும்.

"யார் திருப்பிச் சொல்றீங்க?" என்றார். பத்துப் பேரில் ஒரே பெண் நான். எழுந்து ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன்.

நிஜாம் முதல் முயற்சியிலேயே வெளியே வந்துவிட்டான், வருகிற வழியில் ஒரு டைவரின் மூக்கில் உதைத்துவிட்டு.

என் முறை. தண்ணீர் முழங்காலுக்கு, இடுப்புக்கு, நெஞ்சுக்கு வந்தது. பெட்டி சாய்ந்தது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கு முழுக்க குளோரின். பெல்ட் எப்போது கழன்றது என்றே தெரியவில்லை. நான் சீட்டை விட்டு மிதந்து, எது மேல் எது கீழ் என்று புரியாமல், ஜன்னல் இருந்த இடத்தில் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தேன். டைவர் என் தோளைப் பிடித்து இழுத்து வந்தார்.

இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது.

"நிக்கறதுக்கு முன்னாடியே கழட்டிடுறீங்க. நிதானமா யோசிங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசி சான்ஸ். இல்லன்னா அடுத்த பேட்ச்தான்" என்றார் ராகவன் சார். அடுத்த பேட்ச் நடக்கும்போது என் சீட்டில் வேறு யாராவது ரிக்குக்குப் போயிருப்பார்கள்.

எலுமிச்சை சாதத்தைப் பிரித்துக்கொண்டு வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். நிஜாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னா இன்ஜினீரு, சார் கேட்டப்ப டாண்டாண்ணு சொன்ன. உள்ள போனா பெல்ட்ட பிச்சிகினு கெளம்பிடற?"

"எனக்கே தெரியல. கை தானா போவுது."

"இன்னாமோ பஸ்ஸு பூடற மாதிரி."

கிண்டலுக்குத்தான் சொன்னான். அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே கடற்கரைச் சாலையில் உண்மையாகவே ஒரு பஸ் வந்தது. நிறுத்தம் இன்னும் தூரத்தில் இருந்தது. அதற்குள் உள்ளே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண் கம்பியைப் பிடித்துப் படிக்கட்டில் தொங்கினாள். பஸ் நிற்பதற்குள் அவள் தரையில் குதித்திருந்தாள். சோற்றுக் கை வாய்க்குப் போகவில்லை. காலையில் மாமல்லபுரத்தில் நான் இறங்கியதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான். முன்னாடியே எழாவிட்டால் இறங்க முடியாது, பஸ் நமக்காக நிற்காது என்று என் கைக்கும் காலுக்கும் தெரியும். அசைகிற எதற்குள் உட்காரவைத்தாலும் அது நிற்பதற்கு முன் அவை எழுந்துவிடுகின்றன.

சிரிப்பு வந்துவிட்டது. காரணம் தெரிந்ததில் பாதிப் பயம் போனது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் பாலைவனம் கைகொடுத்தது. அசைவு அடங்கும்வரை எதுவும் செய்யாமல் நிற்கிற வேலையை எட்டு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவள் நான். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காத்திருப்பது தெரியும்.

மூன்றாவது முறை கிரேன் இறக்கியபோது நான் ஹெலிகாப்டரை நினைக்கவில்லை. பம்பை நிறுத்தியாயிற்று, இனிப் பார், எதையும் தொடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. மூச்சை இழுத்தேன். உலகம் சுழன்றது. பெல்ட்டில் இருந்த கை துடித்தது, துடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டி கொஞ்சம் ஆடியது, திரும்ப ஆடியது. பிறகு எல்லாம் நின்றது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று இன்னும் கொஞ்சம் பார்த்தேன். ஜன்னலைத் தள்ளினேன். பெல்ட்டைக் கழற்றினேன். விளிம்பு என் கையிலேயே இருந்தது.

மேலே வந்தபோது வெயில் அவ்வளவு மஞ்சளாக இருந்தது. குளத்து மேட்டில் நிஜாம் விசில் அடித்துக்கொண்டிருந்தான். "அம்மாடி, இவ்ளோ நேரம் உள்ள இன்னா பண்ண? டீ குட்ச்சியா? டைவரே பயந்துட்டாரு!"

ராகவன் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நல்ல அழுகை, தலைக்குக் குளித்த மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் இறங்கி எண்பது ரூபாய்க்கு வறுத்த சங்கரா மீன் வாங்கி நின்றபடியே தின்றேன். அதுவரை பசித்ததே தெரியவில்லை. செங்கல்பட்டு ஏரியில் சாயங்கால வெளிச்சம் படிந்திருந்தது. காலையில் இதே ஏரியைக் கடந்தபோது நான் அதைப் பார்க்கவேயில்லை.

அச்சரப்பாக்கம் நெருங்கியதும் வழக்கம்போல எல்லோரும் எழுந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"யம்மா, அச்சரப்பாக்கம்! எறங்கணும்னியே, தூங்கிக்கினு கீறியா?" என்று கண்டக்டர் அதட்டினார்.

"நிக்கட்டும்ண்ணா."

"நிக்கற வரைக்கும் ஒக்காந்துகினு இருந்தா எப்ப எறங்குவ?"

பஸ் நின்றது. உண்மையிலேயே நின்றதா என்று பார்த்துவிட்டு எழுந்தேன். ஜன்னலுக்குக் கீழே அம்மா, என்னைக் காணாமல், இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பதறிப்போய்த் தேடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு, கடைசியாக நான் இறங்கினேன்.