தேய்க்கக் கூடாத இடம்

முடித்த இன்ஜின் மூடியைத் துணியால் துடைத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, அதில் தன் பல்லைப் பார்க்கிறார் பாலிஷ் அக்கா. மேல் வரிசை, கீழ் வரிசை, பிறகு நாக்கு. கடைவாய்ப் பல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மங்கலாகத் தெரிந்தால், வண்டிக்காரர் எவ்வளவு அவசரத்தில் நின்றாலும் மூடி மறுபடி சக்கரத்துக்குப் போய்விடும். "பொறுங்க. என் பல்லே எனக்குத் தெரியல, உங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

என் எழுதுபொருள் கடைக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மோட்டார் ஓடினால் இந்தப் பக்கம் என் பென்சில் டப்பாக்கள் நடுங்கும். அவரிடம் வருவதெல்லாம் மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அலுமினிய உறுப்புகள். எண்ணெயும் சேறும் அப்பி, அடுப்புக்கரி மாதிரி வந்து சேரும். அக்கா வைதுகொண்டேதான் வாங்குவார். "இதைக் குளிப்பாட்டி எத்தனை நாளாச்சு? நல்லா வளர்க்கிறீங்க போங்க." வண்டிக்காரர்கள் தலையைச் சொறிவார்கள்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறல். பழைய பல் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்ப்பு. அப்புறம் சொரசொரப்பான உப்புத்தாள், அதன்பின் நைசானது, அதைவிட நைசானது. ஒரு தாளை நெடுக்கே தேய்த்தால் அடுத்ததைக் குறுக்கே தேய்ப்பார். அப்போதுதான் பழைய கீறல் ஒளிந்துகொள்ள முடியாதாம். கடைசியில் பாலிஷ் கட்டி தடவிய துணிச் சக்கரம். சக்கரம் சுற்றும்போது அக்கா பாடுவார். அந்த இரைச்சலில் தன் பாட்டு யாருக்கும் கேட்காது என்பது அவர் நம்பிக்கை. அடிக்கடி கரண்ட் போகிற தெரு இது. சக்கரம் சட்டென்று நிற்க, உச்சத்தில் இருக்கும் பாட்டு தெரு முழுக்கக் கேட்கும். அப்போதும் கூச்சப்படாமல் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார்.

டெலிவரி வேன் ஓட்டும் அவர் கணவருக்கு வெள்ளைச் சட்டை தவிர வேறு ஆகாது. சாயங்காலம் கூப்பிட வந்தால் மனைவியை ஏற இறங்கப் பார்ப்பார்.

"கையைக் கழுவிட்டு ஏறு."

"கழுவியாச்சுங்க. இதுதான் மிச்சம்."

தன்னடக்கமெல்லாம் அக்காவிடம் எதிர்பார்க்கக் கூடாது. "வெயில்ல கண்ணு கூசுதுன்னு சொல்றாங்களே, அது வெயில் இல்ல தம்பி, என் வேலை" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவர் கை நீளாது. மூடி இன்ஜினோடு ஒட்டி உட்காரும் உள்விளிம்பில் முதல் வேலையாக டேப் ஒட்டிவிடுவார். "அங்கதான் எண்ணெய் கசியாம அடைக்கிற பேக்கிங் உட்காரணும். அந்த இடத்தைத் தேய்ச்சா விளிம்பு வளைஞ்சிடும், எண்ணெய் ஒழுகும்."

இவ்வளவு தெரிந்தவர்தான் போன மாதம் கோட்டை விட்டார்.

அவர் மகள் மெக்கானிக். ஓட்டை உடைசல் வண்டிகளிலிருந்து தனக்கென்று ஒரு பந்தய வண்டி கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முதல் பந்தயம். எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினாலும் பின்னால் வருபவர் சறுக்கி விழுவார் என்பதால், ஒழுகுகிற வண்டியைப் பந்தயத் திடலின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம், அக்கா பாலிஷ் போட்ட மூடியை மாட்டி, பட்டறை வாசலில் வண்டியைக் கிளப்பினாள். கொஞ்ச நேரத்தில் தரையில் எண்ணெய். மூடியைக் கழற்றி உள்விளிம்பை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, இங்கயும் என் பல்லு தெரியுதும்மா."

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஆசைடி" என்றார். "உன் வண்டியில ஒரு இடம் மங்கலா இருக்கணுமான்னு மனசு கேக்கல. டேப்பைப் பிச்சிட்டேன்."

மகள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு என் கடை அலமாரியின் கண்ணாடித் தட்டை உருவிக்கொண்டு போனாள், ஒரு மார்க்கரையும் சேர்த்து. மேடு பள்ளமில்லாத அந்தக் கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, விளிம்பு முழுக்க மை பூசி, மூடியைக் கவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தாள். எல்லா இடத்திலும் மை போகும் வரை தேய்க்க வேண்டும். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்.

"என் கையாலயே மங்க வைக்கிறேனே" என்று புலம்பிக்கொண்டே தேய்த்தார் அக்கா.

"பாட்டு ஒண்ணு பாடும்மா, சீக்கிரம் முடியும்" என்றாள் மகள்.

பாடினார். சக்கரச் சத்தம் இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஆனாலும் அன்று எனக்குக் கடையை மூடவே மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு காலையில், மூடியை மறுபடி மாட்டிய வண்டிக்குக் கீழே கணவர் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்தார். மகள் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். தெருவே அதிர்ந்தது. அக்கா தரையோடு தரையாகப் படுத்து, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மேலிருந்து ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. இன்னும் இரு என்று அக்கா கையைக் காட்டினார். மகள் இன்னும் முறுக்கினாள். கணவர் தன் வெள்ளைச் சட்டையை மறந்து பக்கத்தில் மண்டியிட்டார்.

அக்கா தாளை உருவிக்கொண்டு எழுந்தார். அதில் அவருடைய கறுப்பு விரல் தடங்களைத் தவிர ஒரு பொட்டு இல்லை. பேசினால் கேட்காது என்பதால், அதை மகளுக்குத் தெரியும்படி தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். மகள் கியரைப் போட்டுக் கிளம்பினாள். வண்டி தெருமுனை திரும்பி, சத்தமும் தேய்ந்து போன பிறகும் அக்கா தாளைக் கீழே இறக்கவில்லை.