கீழாநெல்லியும் ஒரு சர்வீஸும்

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை போட்டிருக்கிறார்கள். அக்காவின் பேத்தி கூப்பிட்டாள் என்று பேட்டைக் கையில் வாங்கினேன். வாங்கியவன் சும்மா ஆடியிருக்கலாம். வித்தை காட்டும் ஆசை யாரை விட்டது? இடது கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, அதே கையையும் தோளையும் திரையாக வைத்து மறைத்துக்கொண்டு, என் பழைய சர்வீஸைப் போட்டேன். பந்து எதிர்ப்பக்கம் விழுந்து, எனக்கே ஆச்சரியமாக, வளைந்து போனது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"தாத்தா, இது ஃபவுல். பந்த மறைச்சிப் போடக் கூடாது. ரூல் மாறி ரொம்ப வருஷமாவுது" என்றாள்.

அசடு வழிய பந்தைப் பொறுக்கி மோந்து பார்த்தேன். அதற்கும் சிரித்தாள். வாசனையே இல்லை. இப்போது பந்தெல்லாம் பிளாஸ்டிக்காம். அந்தக் காலத்துப் பந்து செல்லுலாய்டு. விரிசல் விட்டால் உள்ளேயிருந்து லேசாகக் கற்பூர வாசனை வரும். நசுங்கிப்போன பந்தை வெந்நீரில் போட்டால் உப்பிக்கொண்டு எழும். எங்கள் அலுவலகக் காவலாளி கலியமூர்த்தி டீ போடுகிற பாத்திரத்திலேயே பந்தையும் போட்டு எடுப்பார். அந்தக் கற்பூர டீயைக் குடித்துத்தான் நானும் சேவியரும் இரண்டு வருடம் ஆடினோம்.

சேவியர் எனக்கு அடுத்த மேசை. கடலூர் முதுநகர்க்காரன், என்னைவிட நாலு வயது மூத்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மச்சான் என்று கூப்பிட்டான். மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, ஒரு டியூப் லைட், கதவு சரியாக மூடாத ஜன்னல். ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவோம். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்து பந்தை அரை அங்குலம் தள்ளிவிடும். ஆளுக்கு ஐந்து சர்வீஸ், இருபத்தோரு பாயிண்ட். ஏழு மணிக்குமேல் சிதம்பரம் பஸ் பிடித்து நான் வீட்டுக்குப் போவேன். இப்போது நினைத்தால் அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான சாயங்காலமாகத்தான் தெரிகின்றன. எங்கேயோ தூரத்தில் பந்து டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வருடத்தில் நான் அவனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே சர்வீஸ். பந்தைத் தட்டிவிடுவேன், அது தேமேயென்று போய் நிற்கும். "உன் சர்வீஸ் வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவேன் மச்சான்" என்பான் சேவியர். அலுவலகம் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். ஒரே ஒரு தடவை இவனை ஜெயித்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொள்ளாத நாளில்லை. திருவந்திபுரம் பெருமாளிடம் போய்க்கூடக் கேட்டிருக்கிறேன். கேட்ட விஷயம் என்னவென்று வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு விடுமுறை நாளில் சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருந்த மன்றத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஆடுவதைப் பார்த்தேன். பந்தை மறைத்து வைத்துப் பக்கவாட்டில் ஒரு சீவு. எதிரில் நின்ற ஆள் பேட்டை நீட்டினால் பந்து சுவருக்குப் போனது. கூச்சத்தை விட்டு அவளிடம் கேட்டேன். "அடிக்காதீங்க, பந்தோட அடிவயித்தத் தடவுங்க" என்று இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். அவ்வளவுதான் பாடம்.

பழக வேண்டும், சேவியருக்குத் தெரியவும் கூடாது. அந்த மன்றத்தை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர ஐந்தரைக்கே பஸ் ஏற வேண்டும். என்ன சாக்குச் சொல்வது? குறிஞ்சிப்பாடியிலிருந்த என் மாமா நினைவுக்கு வந்தார். ஒரே மூச்சில் பதினைந்து இட்லி சாப்பிடுகிற மனிதர். "மாமாவுக்கு மஞ்சக்காமால, எங்க வீட்லதான் வெச்சிப் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டேன்.

சேவியர் முகம் மாறிவிட்டது. மறுநாள் காலையில் தன் வீட்டுக் கொல்லையில் பிடுங்கிய கீழாநெல்லியைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தான். "மோர்ல அரைச்சிக் குடுக்கச் சொல்லுடா. எண்ணெ, உப்பு ஜாஸ்தி கூடாது." வாரத்துக்கு இரண்டு பொட்டலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாமாவுக்காக மெழுகுவத்தி வேறு ஏற்றியிருக்கிறான். ஆனாலும் ஐந்தரைக்கு ஓடிப்போய் பஸ் ஏறினேன். கீழாநெல்லியை எறியவும் மனசு வராமல் பந்துப் பையிலேயே போட்டு வைத்தேன்.

சர்வீஸ் பழகுவது என்றால் பாதி நேரம் குனிந்து பந்து பொறுக்குவதுதான். பன்னிரண்டு பந்து போடுவேன், பன்னிரண்டையும் பொறுக்குவேன். முதல் வாரம் ஒன்றுகூட மேசையில் விழவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பந்து விழுந்து, ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, வளைந்தது. தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சேவியர் என் மேசைக்கு வந்தான். "இன்னிக்கி ஒரு கேம் ஆடலாமாடா? மாமாவ அர மணி நேரம் யாராச்சும் பாத்துக்க மாட்டாங்களா?" என்றான். நானும் அதற்குத்தானே காத்திருந்தேன்.

முதல் சர்வீஸ் அவன் பேட்டின் விளிம்பில் பட்டுச் சுவருக்குப் போனது. "என்னா மச்சான் இது!" இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் அவனே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். இருபத்தொன்றுக்குப் பதினாறு. ஜெயித்தேன். பேட்டை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். வியர்வையோடு கட்டிப் பிடித்துக்கொண்டு "எங்கடா கத்துக்கின?" என்று கேட்டான். "சும்மா, தானா வந்துச்சி" என்றேன்.

பஸ் நிற்கும் இடம் வரை கூட நடந்து வந்தான். அங்கே நின்றுகொண்டுதான் சொன்னான்.

"திங்கக்கெழம தர்மபுரி போறேன்டா. ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்து ஒரு மாசமாவுது."

"ஏன்டா சொல்லல?"

"நீயே மாமா கவலைல ஓடிக்கினு இருக்க. இதுல என் கதைய வேற எதுக்குச் சொல்றதுன்னுதான் ஆபீஸ்ல மத்தவங்களையும் உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டேன்."

மாமாவுக்கு ஒன்றுமில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது. "மாமாவப் பாத்துக்க" என்று அவன் கீழே நின்று கையசைத்தான். நான் கோழை, கையை மட்டும் அசைத்தேன்.

அடுத்த வாரம் பழக்க தோஷத்தில் அந்த அறைக்குப் போனேன். கலியமூர்த்தி பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சேவியர் சார் இல்லாம வெறிச்சினு இருக்குது சார். போன மாசம் பூரா நெட்ட கட்டி வெச்சிட்டு ஏழு மணி வரைக்கும் இங்கதான் ஒக்காந்திருப்பாரு. மத்தவங்க கூப்ட்டாலும் ஆட மாட்டாரு. 'இரு, அவன் வந்துட்டான்னா?'ம்பாரு."

மேசையில் கட்டியபடி இருந்த நெட்டை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன்.

அந்த அறையில் இப்போது பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். மேசை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்தோரு பாயிண்ட் பதினொன்றாகிவிட்டது, ஐந்து சர்வீஸ் இரண்டாகிவிட்டது. மாமா எண்பது வயதுவரை இட்லியைக் குறைக்காமல் இருந்துவிட்டுத்தான் போனார். தர்மபுரியிலிருந்து சில வருடங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. ஒவ்வொன்றிலும் மாமாவை விசாரித்திருப்பான். நலம் என்று எழுதுவேன், அதற்குமேல் பேனா ஓடாது. பிறகு ஒரு நாள் சேவியர் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள், அடக்கம் முடிந்து பல மாதங்கள் கழித்து. நான் சொன்னது பொய் என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிந்திருந்தால் பத்து நிமிஷம் நன்றாகத் திட்டியிருப்பான். திட்டி முடித்ததும், "சரி வாடா, ஒரு கேம் ஆடலாம்" என்றிருப்பான்.